மலிவு விலை மடிக்கணினி: என்4020-ஆ, என்100-ஆ?

என் தங்கை எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். அடுத்தது ஆறாம் படிவம். மடிக்கணினி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவரும் மறுக்கவில்லை, ஆனால் 1,200 ரிங்கிட்டுக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் 'கணினி தெரிந்தவன்' நான்தான் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உண்மையில் நான் பல்கலைக்கழகத்தில் படிப்பது புள்ளியியல். அதை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

கடையில் 'மாணவர் சலுகை' அட்டையின் கீழ் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. விலை வித்தியாசம் 150 ரிங்கிட். ஒன்றில் இன்டெல் செலரோன் என்று ஒட்டியிருந்தது, மற்றதில் வெறுமனே இன்டெல் புரோசஸர் என்று இருந்தது. எது நல்லது என்று விற்பனையாளரைக் கேட்டேன். "சாமா சாஜா, இரண்டுமே 6 வாட்தான்" என்றார். அந்த 6 வாட் உண்மைதான். 'சாமா சாஜா'தான் உண்மை இல்லை.

செயலி என்றால் இப்போது எல்லாருக்கும் கைப்பேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே சில்லு என்றே எழுதுகிறேன். செலரோன் என்று ஒட்டியிருந்ததன் முழுப்பெயர் செலரோன் என்4020. 2019 இறுதியில் வெளிவந்தது. இரண்டு கோர், உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், 14 நானோமீட்டர் தயாரிப்பு முறை. மற்றது என்100. 2023 தொடக்கத்தில் வந்தது. நான்கு கோர், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். பென்டியம், செலரோன் என்ற பழைய பெயர்களை 2023 மடிக்கணினிகளிலிருந்து கைவிடப்போவதாக இன்டெல் 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதற்குப் பதில் வைத்த பெயர்தான் 'இன்டெல் புரோசஸர்'. அரிசிப் பையில் 'அரிசி' என்று மட்டும் அச்சடித்ததைப் போன்ற பெயர் இது. வாங்குபவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இரண்டும் 6 வாட் என்றால் வேகமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. வாட் என்பது சில்லு தொடர்ந்து உழைக்கும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு வேலை முடியும் என்பதற்கான கணக்கு அல்ல. இரண்டு ரொட்டி சானாய் கடைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு எரிவாயுதான் செலவாகிறது. ஒன்றில் பழைய தோசைக்கல்லும் இரண்டு பேரும். மற்றதில் வெப்பத்தை வீணாக்காத புதிய கல்லும் நான்கு பேரும். எரிவாயு பில் ஒன்றுதான், ஆனால் மேசைக்கு ரொட்டி வரும் வேகம் ஒன்றல்ல. நான்கு கோரையும் சேர்த்து அளக்கும் சோதனைகளில் என்100 ஏறக்குறைய மூன்று மடங்கு முன்னே நிற்கிறது. ஒரே கோரை மட்டும் அளந்தால்கூட இடைவெளி பெரியதுதான்.

இன்னொரு வித்தியாசம் காணொளியில் இருக்கிறது. யூடியூப் இப்போது ஏவி1 என்ற சுருக்க முறையில் நிறைய காணொளிகளைத் தருகிறது. அதை விரித்துக் காட்டுவதற்கென்றே என்100-க்குள் தனிப் பகுதி இருக்கிறது. என்4020-இல் அது கிடையாது. அந்த வேலையும் அதன் இரண்டு கோர்களின் தலையில்தான் விழும். ஆசிரியர் கூகுள் மீட்டில் பாடம் நடத்திக்கொண்டே காணொளி ஒன்றைத் திறக்கச் சொன்னால் பழைய சில்லு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் 150 ரிங்கிட் கூடக் கொடுத்து என்100 வாங்கிவிடலாம்" என்று முடிவு செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த என்100 மடிக்கணினியின் ரேம் வெறும் 4 ஜிபி. அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பின்னாளில் மாற்றவே முடியாது. சேமிப்பகம் 128 ஜிபி இஎம்எம்சி.

ரொட்டி சானாய் கடைக்கே திரும்புவோம். ரேம் என்பது மாவு தட்டும் மேடை. நான்கு பேர் இருந்தும் மேடை ஒரு முழம்தான் என்றால் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேடை நிரம்பிவிட்டால் கணினி சிலவற்றை எடுத்துச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வரும். அந்தச் சேமிப்பகம் வேகமான எஸ்.எஸ்.டி. என்றால் ஓரளவு சமாளிக்கலாம். இஎம்எம்சி 5.1-இன் இணைப்பு வேகம் அதிகபட்சம் நொடிக்கு 400 எம்பி. சாதாரண என்விஎம்இ எஸ்.எஸ்.டி. அதைப்போல் பல மடங்கு. கடையிலேயே அந்த இயந்திரத்தில் டெலிமா, யூடியூப், ஒரு கூகுள் ஆவணம் மூன்றையும் திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. தங்கை இன்னும் ஒரு கட்டுரைகூட எழுத ஆரம்பிக்கவில்லை!

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் போதும் என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் விதி. 4 ஜிபி இயந்திரம் அந்த விதியை மீறவில்லை. ஆனால் அது விண்டோஸ் எழுந்து நிற்பதற்கான அளவு. நாம் வேலை செய்வதற்கான அளவு என்று யாரும் சொல்லவில்லை.

இந்த 4 ஜிபி இயந்திரங்கள் இப்போது கண்ணில் அதிகம் படுவதற்குப் பின்னால் உலகச் செய்தி ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான விலையுயர்ந்த நினைவகத்துக்கு இவை உற்பத்தியைத் திருப்பியதால், 2025இன் பிற்பகுதியில் சாதாரண ரேமின் விலை கடுமையாக ஏறியது. பொதுமக்களுக்கு ரேம், எஸ்.எஸ்.டி. விற்றுவந்த தனது குரூசியல் வணிகத்திலிருந்தே வெளியேறுவதாக மைக்ரோன் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. விலையுயர்ந்த கணினியில் இந்தச் சுமையை விலையில் ஏற்றிவிடலாம். 1,000 ரிங்கிட் மடிக்கணினியில் ஏற்றினால் வாங்குபவர் ஓடிவிடுவார். விலையை அப்படியே வைத்து ரேமைக் குறைப்பதுதான் தயாரிப்பாளருக்கு எளிய வழி. சாட்ஜிபிடியிடம் நாம் கேட்கும் கேள்விகளுக்கான செலவில் ஒரு பங்கு, இப்படிச் சுற்றி வந்து ஆறாம் படிவ மாணவியின் மடிக்கணினியில் விடிகிறது.

பழைய அலுவலக மடிக்கணினிகளையும் பார்த்தோம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, நிறுவனங்கள் கழித்துவிட்ட இயந்திரங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அங்கேயும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் 8ஆம் தலைமுறை, விண்டோஸ் 11-இன் பட்டியலில் இருக்கிறது, ரேமும் பொருத்திக்கொள்ளலாம். ஐ5-6200யூ என்றிருந்தால் 6ஆம் தலைமுறை, பட்டியலில் இல்லை. 'ஐ5' என்ற எழுத்துகளை மட்டும் காட்டி விற்பவர்களிடம் கவனம் தேவை. என்4020, என்100 இரண்டுமே பட்டியலில் உள்ளவைதான். பழைய இயந்திரங்களில் எனக்கிருந்த ஒரே தயக்கம் பேட்டரி. எத்தனை முறை மின்னேற்றப்பட்டது என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை.

அரசாங்கத்தின் உதவி எங்கே என்று கேட்கலாம். வருமான வரியில் வாழ்க்கைமுறைப் பிரிவின்கீழ் 2,500 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. கணினியும் அதில் அடங்கும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குத்தான் அது பயன்படும். 4 ஜிபி மடிக்கணினியை வாங்க நேர்வது பெரும்பாலும் மற்ற குடும்பங்கள்தாம்.

கையில் ஏற்கெனவே என்4020 வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ரேம் துளை இருந்தால் 8 ஜிபியாக்குங்கள், அதன் உச்ச வரம்பும் அதுவே. எஸ்.எஸ்.டி. போட முடிந்தால் போடுங்கள். கட்டுரை எழுத அது போதும். புதிதாகப் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். அதேபோல் 4 ஜிபி என்100-ஐயும் தொடமாட்டேன்.

பினாங்கில் இருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது அங்கேதான். பெரியம்மா பாயான் லெப்பாஸில் வேறொரு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தவர். "சில்லு நன்றாகத்தான் இருக்கும்டா, நாங்கள் அவ்வளவு சோதிப்போம். அதை எதோடு சேர்த்து விற்கிறான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கடைசியில் மூன்றாவது கடையில் கிடைத்தது: என்100, 8 ஜிபி ரேம், கழற்றி மாற்றக்கூடிய 256 ஜிபி எஸ்.எஸ்.டி. விலை 1,249 ரிங்கிட். வரம்பைத் தாண்டிய 49 ரிங்கிட் என் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து போனது. திரைதான் மட்டம், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எல்லாம் வெளிறித் தெரிகிறது. படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார இடமில்லை என்று அம்மாவுக்கு வருத்தம். தங்கைக்கு அதில் மகிழ்ச்சி.