உணவைத் தேர்வது யார்?

அவரவர் குடலுக்கு அவரவர் உணவு என்பது உடல்நலத் துறையின் புதிய முழக்கமாகியிருக்கிறது. மல மாதிரியைப் பெற்று, குடலில் வாழும் நுண்ணுயிரிகளை வகைப்படுத்தி, ஒருவர் எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பட்டியலிட்டுத் தரும் வணிக நிறுவனங்கள் பெருநகரங்களில் பெருகி வருகின்றன. கட்டணம் பல ஆயிரம் ரூபாய். பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள ஒசூரில், சுழற்சிமுறைப் பணி முடித்து விடுதிக்குத் திரும்பும் ஒரு தொழிலாளிக்கு இந்த முழக்கத்தால் என்ன பயன் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

அறிவியல் உண்மை இதில் இல்லாமல் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவை உண்ட 800 பேரின் இரத்த சர்க்கரை வெவ்வேறு அளவில் உயர்ந்தது கண்டறியப்பட்டது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிரிட்டனைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிடம்கூட இந்த வேறுபாடு இருப்பதைக் காட்டியது. குடல் நுண்ணுயிரிகள் மட்டுமன்றி, உண்ணும் நேரமும் இதில் பங்கு வகிக்கிறது.

ஆனால், மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பது வேறு. ஒரு பரிசோதனையைக் கொண்டு ஒருவருக்கான உணவை வகுத்துவிடலாம் என்பது வேறு. வணிக நோக்கில் விற்கப்படும் நுண்ணுயிரிப் பரிசோதனைகளுக்குப் போதிய மருத்துவ ஆதாரம் இல்லை என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2024-இன் இறுதியில் தெளிவுபடுத்தியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் அச்சமே விலையைத் தீர்மானிக்கும் என்பது பொருளியலின் பழைய பாடம்.

உறுதியாகத் தெரிந்தவை எளியவை. நார்ச்சத்து மிகுந்த தானியங்கள், பயறு வகைகள், கீரை, காய்கறிகள், புளிக்கவைத்த உணவுகள் ஆகியவை குடலுக்கு நல்லவை; தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவை அளவு மீறினால் தீயவை. புளித்த உணவுகளைப் பத்து வாரங்கள் கூடுதலாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிரிகளின் வகைகள் பெருகியதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2021-இல் பதிவு செய்தனர். நம்முடைய மோரும் பழைய சோறும் புளிக்கவைத்த உணவுகளே.

எனவே, சிக்கல் அறியாமையில் மட்டும் இல்லை. தேர்வு செய்யும் வாய்ப்பு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டையுடன் தொடங்கிய ஒசூரின் வளர்ச்சி, வாகனம், கைக்கடிகாரம் என விரிந்து, இன்று மின்னணுப் பொருள்கள், மின்சார வாகனங்கள் வரை வந்திருக்கிறது. பிற மாவட்டங்களிலிருந்தும் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், விடுதிகளில் தங்கிப் பணியாற்றுகின்றனர். அவர்கள் எதை உண்பது, எப்போது உண்பது என்பதை உணவு ஒப்பந்ததாரரும் பணிநேர அட்டவணையுமே முடிவு செய்கின்றன. குறைந்த செலவில் பெருந்திரளுக்குச் சமைக்கும் இடத்தில் வெள்ளை அரிசிச் சோறே தட்டை நிறைப்பது இயல்பு.

இதன் விளைவு நாடு முழுவதும் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய தானியங்களும் சர்க்கரையும்தான் என்றும் அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

முரண் என்னவென்றால், ஒசூரைச் சூழ்ந்துள்ள மண் கேழ்வரகு விளையும் மண். தமிழகத்தில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரி முன்னிலையில் உள்ளது. தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கடி என இந்த எல்லைப் பகுதியின் மூன்று மொழிகளிலும் அதற்குப் பெயருண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும் 364 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கால்சியம் 8 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் தென்மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசியுடன் கேழ்வரகும் வழங்கப்படுகிறது. தமிழக அரசும் 2023 மே மாதம், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெறும் திட்டத்தை நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கியது. தானியம் விளையும் கிருஷ்ணகிரி அந்த முதல் பட்டியலில் இடம்பெறவில்லை.

செலவு தடையாகுமா? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு ரூ.4,886, சாதாரண நெல்லுக்கு ரூ.2,369. நெல்லில் 67 விழுக்காடு அரிசியாகிறது என்று கொண்டால், அரவைக்கூலி, போக்குவரத்து நீங்கலாக ஒரு கிலோ அரிசியின் அடக்கம் சுமார் ரூ.35. கேழ்வரகுடனான வேறுபாடு கிலோவுக்கு ரூ.14 அளவில் அமையும். இரண்டு கிலோ பெறும் குடும்பத்துக்கு அரசின் கூடுதல் செலவு மாதம் ரூ.28 மட்டுமே. நெல்லைவிட மிகக் குறைந்த நீரில் விளையும் பயிர் என்பதால், மானாவாரி உழவருக்கு உறுதியான சந்தையும் கிடைக்கும்.

கேழ்வரகு எல்லாருக்கும் அமுதம் என்று கூறுவதற்கில்லை. நைய அரைத்த மாவில் காய்ச்சிய நீர்த்த கஞ்சி, இரத்த சர்க்கரையை விரைவில் உயர்த்தக்கூடும். அவரைக் குழம்பும் கீரைக் கடைசலும் சேர்த்து அளவோடு உண்ணும் களியின் விளைவு வேறு. எரிச்சலுறு குடல் தொல்லை உள்ளவருக்கு நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் உபாதை மிகும். சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரின் ஆலோசனை அவசியம். சப்பாத்தி உண்டு வளர்ந்தவருக்குக் களியைக் கட்டாயமாக்குவதும் நியாயமன்று. அவரவர்க்கேற்ற உணவு என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: ஒன்றைத் திணிப்பதன்று, ஒன்றுக்கு மேற்பட்டதைத் தட்டருகே வைப்பது.

அதற்கான சட்ட வழி புதிதன்று. 250 தொழிலாளருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகை செய்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் உள்ள நிறுவனங்களுக்கே இதை விரிவாக்கியிருக்கிறது. இதற்கான மாநில விதிகளில் உணவின் விலையோடு அதன் தரமும் இடம்பெற வேண்டும். வேளைதோறும் இரண்டு தானியங்களில் ஒன்றைத் தேர்வு செய்யும் வாய்ப்பு, போதிய பருப்பும் காய்கறியும், மோர், இரவுப் பணியாளருக்கு எளிதில் செரிக்கும் உணவு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ராயக்கோட்டையும் தேன்கனிக்கோட்டையும் விளைவிக்கும் காய்கறிகள் அருகிலேயே உள்ளன.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் பணியிடங்களுக்கும் அது விரிவுபெற்றது. ஆலை வாயிலில் சர்க்கரை அளவைச் சோதித்து மாத்திரை தருவதோடு நிற்காமல், அந்தத் தொழிலாளியின் பணிநேரம், உறக்கம், செரிமானத் தொல்லை ஆகியவற்றைக் கேட்டறிந்து உணவு ஆலோசனை வழங்கவும், அதை ஆலை உணவகத்துக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு வேண்டும். பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையைவிட அது பயனுள்ள தனிநபர் உணவுத் திட்டமாக அமையும்.

தொழிலாளியின் உடல்நலம் தொழிலின் மூலதனம் என்பதை முதலீட்டு மாநாடுகளில் நாம் பேசுகிறோம். அந்த மூலதனம் அன்றாடம் புதுப்பிக்கப்படுவது உணவுத் தட்டில்தான். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில் உண்பவருக்கும் குரல் கிடைக்கட்டும்.