அந்த ஏரியாவில் அவளும் இருந்தாள்

பழைய வடசென்னையில் நடக்கும் ஒரு ரவுடிக் கதை. அதில் ஒருத்தி, மனசுக்குள் இன்னொரு பெண்ணை வைத்துக்கொண்டு புருஷனோடு குடும்பம் நடத்துகிறாள். இப்படிச் சொன்னதுமே கிளம்பும் பேச்சு ஒன்று உண்டு: "அந்தக் காலத்துல, ராயபுரத்துல ஏதுங்க இதெல்லாம்? இப்ப வந்தது, பணக்காரங்க சமாச்சாரம்." விவரம் தெரிந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இது பொய்.

2008 மே மாதம் வடசென்னையில் இரண்டு பெண்கள் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இருவரும் திருமணமானவர்கள். அவர்கள் உறவுக்கு வீட்டில் எதிர்ப்பு. சென்னையில் பால்புதுமையினரின் முதல் வானவில் பேரணி நடந்ததே 2009-இல்தான். யாரைப் பார்த்து அவர்கள் இதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்? இருவருக்கும் வயது நாற்பதை ஒட்டி. வெற்றிமாறனின் 'வடசென்னை' படத்தின் கதை தொடங்கும் 1987-இல் அவர்கள் இருபதைத் தொடும் பெண்கள். அந்தக் கதையின் காலத்தில், அதே வடசென்னைப் பெண்களின் தலைமுறையில், அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய, 1860-இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவில் பெண்கள் மீது வழக்கு வந்தது மிக அரிது. பெண்களின் விஷயம் வீட்டுக்குள்ளேயே அடி உதையிலும் அவசரக் கல்யாணத்திலும் முடிக்கப்பட்டது. தப்பி ஓடினால் "பொண்ணக் காணோம்" என்று ஸ்டேஷனில் ஒரு புகார். ரெக்கார்டில் அவள் காணாமல் போனவள், அவ்வளவுதான்.

மறைப்பதற்கும் வடசென்னை தோதான இடம்தான். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீனை ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையை ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி தூக்கிவிடுகிறாள். கடன் வாங்கிய காசையும் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேயே ஒரு டீக்கடையில் ஓர் ஆணும் பெண்ணும் பத்து நிமிஷம் நின்றால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

நம்ப முடியாது என்கிறார்கள். அதே 'வடசென்னை'யில் ஆண்ட்ரியா நடித்த சந்திராவை நம்பினோமே! தன் புருஷன் ராஜனைக் கொன்றவர்களைப் பழிவாங்க, அவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக நெஞ்சில் இருப்பதை முகத்தில் காட்டாமல் வாழ்ந்தவள் அவள். பழியை அப்படி மறைக்கத் தெரிந்தவளுக்கு அன்பை மறைக்கத் தெரியாதா? துரோகமும் காட்டிக்கொடுப்பதும்தான் இந்த வகைக் கதைகளின் உயிர். வெளியே தெரிந்தால் உயிர் போகும் ரகசியத்தோடு வாழ்பவளைவிட அதற்குப் பொருத்தமான பாத்திரம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நம் க்ரைம் படங்கள் இதுவரை செய்தது என்ன? 2006-இல் 'வேட்டையாடு விளையாடு' கொலைகாரர்களை ஓரினச்சேர்க்கையாளர்களாகச் சுட்டி வெறுப்பைக் கூட்டியது. அந்த வழியில் இவளையும் வில்லியாக்க வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு பரிதாபத்துக்காகச் சாகடிக்கவும் வேண்டாம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு பிறப்பித்த வழக்கு, மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்கள் தொடுத்தது. பெற்றோர் கொடுத்த 'காணவில்லை' புகார்களை மீறி அவர்கள் பாதுகாப்புக் கேட்டு வாதாடினார்கள், பெற்றார்கள்.

1987-இல் அந்தக் கோர்ட்டு வழி கிடையாது. ஆனால் நம் கதாபாத்திரத்துக்கு வேறொன்று இருக்கிறது. கோஷ்டியின் கணக்கு அவளுக்குத் தெரியும், எவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்பதும் தெரியும். அதை வைத்துப் பேரம் பேசி, தோழியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறவளாக அவளை எழுதுங்கள்.