மூடுவதற்கு இலவசம், திறப்பதற்கு இலட்சம்

1997இல் ஆந்திரப் பிரதேசம் தன் மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டபோது முதலமைச்சராக இருந்தவர் நாரா சந்திரபாபு நாயுடு. குடும்பத்தைச் சுருக்குவதே அக்கொள்கையின் சாரம். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்களே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவர எண்ணுவதாக 2024 அக்டோபரில் சொன்ன முதலமைச்சரும் அவரே. இரண்டுக்கு மேல் பெற்றவர்களை உள்ளாட்சிப் பதவிகளிலிருந்து விலக்கி வைத்திருந்த முப்பதாண்டுப் பழைய விதி அடுத்த மாதமே சட்டமன்றத்தில் நீக்கப்பட்டது. அவர் பிறந்த நாராவாரிப்பள்ளி இன்றைய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குப்பம் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. எனவே இக்கேள்வி இந்த மண்ணிலிருந்து எழுவதே முறை: குறைத்துப் பெறுங்கள் என்றும் கூட்டிப் பெறுங்கள் என்றும் சொல்லத் தெரிந்த அரசு, பெற விரும்பியும் இயலாமல் தவிப்பவர்களுக்கு என்ன சொல்லி வந்திருக்கிறது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்திய மாநிலங்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. பெரும்பாலோர்க்கு அது இருபதுகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணமில்லை; செய்துகொண்டவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. இதே அரசுகள் வகுத்த காப்பீட்டு விதிகளைப் புரட்டிப் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் கருத்தரிப்புச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது. தனியார் மருத்துவக் காப்பீடுகளுக்கென ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளிலும் மலட்டுத்தன்மைக்கு என ஓர் எண் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. கருத்தடையை மீட்டெடுக்கும் அறுவைச் சிகிச்சையும் அதே எண்ணின் கீழ்தான் வருகிறது. இருபத்திரண்டு வயதில் அரசின் ஊக்கத்தில் கருக்குழாயை மூடிக்கொண்ட பெண், பிள்ளையைப் பறிகொடுத்த பின் மீண்டும் ஒரு பிள்ளைக்கு ஏங்கினால், அந்த ஏக்கம் அவளுடைய சொந்தச் செலவு.

இது நோயே அன்று, விருப்பம். அதனால்தான் விலக்கு என்று விளக்கம் சொல்வார்கள். அவ்விளக்கம் பொய் என்பதற்கு அரசின் ஆவணமே சான்று. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் கீழ், ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு ஒரு சுற்றுக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுற்றுகளுக்குச் செலவை ஈடுசெய்யலாம் என்று 2011ஆம் ஆண்டே நெறிமுறை வகுக்கப்பட்டுவிட்டது. தன் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் குழந்தையின்மையை நோயென ஏற்கும் அரசு, அந்த அலுவலக வாசலைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தையின்மையை விருப்பம் என்கிறது. மருத்துவ அறிவியலில் இப்படி ஒரு பாகுபாடு கிடையாது. இங்கே வகுத்தது ஊதிய நிலை.

நம் கல்விப்புலமும் இதில் அரசுக்குத் துணைபோகிறது என்பதே என் வருத்தம். கருத்தரங்குகளில் மூன்று மறுப்புகளைத் தொடர்ந்து கேட்கிறேன்.

மக்கள்தொகை மிகுந்த நாட்டில் இது பணக்காரர்களின் கவலை என்பது முதல் மறுப்பு. 2019–21 ஆய்வின்படி ஆந்திரத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.7. மக்கள்தொகையை நிலையாக வைத்திருக்கத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. அதை விடுவோம்; பணக்காரர் நோய் என்பதைப் பார்ப்போம். இந்தியப் பெண்களின் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இனப்பெருக்க உறுப்புகளில் தங்கும் காசநோய். சரியாகக் கவனிக்கப்படாத பேற்றுக்காலத் தொற்றும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பைத் தொடரும் தொற்றும் வேறு காரணங்கள். இவை யாரைத் தாக்கும் என்று சமூகவியல் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஐ.வி.எஃப். என்ற முறையே அடைபட்ட கருக்குழாயைத் தாண்டிச் செல்லக் கண்டுபிடிக்கப்பட்டது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இருந்த குறை அதுதான். தந்தை ரயில்வே தொழிலாளி. பிறந்த இடம் பொது மருத்துவமனை. ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் தொடங்கிய சிகிச்சையைத்தான் நாம் இன்று ஆடம்பரம் என்கிறோம்.

தத்தெடுக்கலாமே என்பது இரண்டாவது. தத்தெடுப்பு நல்லது; அதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள்? நாடு முழுவதும் 2024–25இல் நடந்த சட்டப்படியான தத்தெடுப்புகள் 4,515. பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே மிகுதி. காத்திருக்கும் பெற்றோரோ 30,000க்கும் மேல், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில். பிள்ளை பெற்றவர்களுக்கு ஒருநாளும் சொல்லப்படாத இந்த அறிவுரை, இயலாதவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது?

மூன்றாவது மறுப்பு பெண்ணியத் தோழர்களுடையது. அதை நான் மதிக்கிறேன். தாய்மையைக் கட்டாயமாக்கும் சமூகத்தில், அக்கட்டாயத்துக்கு மருத்துவம் கருவியாகிறது என்கிறார்கள். மெய்தான். மணமாகி மூன்றாண்டு கடந்தால் கோவில் வரிசையிலும் வளைகாப்புப் பந்தலிலும் ஒதுக்கப்படும் பெண்களை இம்மாவட்டங்களில் எந்த ஊரிலும் காணலாம். ஆனால் அரசு சிகிச்சை தராமல் இருப்பதால் அக்கட்டாயம் தளர்ந்துவிட்டதா? தளரவில்லை. அவள் அடகுக்கடைக்கும், நாட்டு மருந்து விற்பவனிடமும், கணவனின் இரண்டாவது மணம் பற்றிய பேச்சுக்கும் நடுவே தள்ளப்படுகிறாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு நாம் போராட வேண்டும். வேண்டும் என்பவளைக் கடன்காரியாக்குவது அப்போராட்டத்தில் எந்தக் கட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

பாகாலா பக்கத்து ஊரைச் சேர்ந்த, வீட்டில் தமிழும் வெளியே தெலுங்கும் பேசும் ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: “ரெண்டு மாடு வித்தோம்மா. தாலிச் சரடு பேங்க்குல கெடக்குது. ஊசிக்குத் தனியாக் கட்டணும்னு உள்ள போன பிறகுதான் சொன்னாங்க.” நான்கு ஆண்டுகள் அவர் உடம்பில் மட்டுமே சோதனைகள் நடந்தன. ஐந்தாம் ஆண்டில்தான் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. எண்ணிக்கை மிகக் குறைவு. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி நேர்வுகளில் ஆண் காரணமும் உண்டு என்பது பாடநூல் செய்தி. விந்தணுப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. முதலில் செய்ய வேண்டிய, மிக மலிவான இச்சோதனை கடைசிக்குத் தள்ளப்படுவதற்கு ஆணின் மானத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. ‘மலடி’ என்ற சொல் வழங்கும் அளவுக்கு ‘மலடன்’ என்ற சொல் புழங்காத மொழி நம்முடையது.

ஊசி தனி என்ற அந்த ஒரு வரியில் ஒரு வணிக முறையே அடங்கியிருக்கிறது. சுவரொட்டியில் இருப்பது ‘பேக்கேஜ்’ விலை. பத்துப் பன்னிரண்டு நாள் போட வேண்டிய ஹார்மோன் ஊசிகள் பெரும்பாலும் அதில் அடங்கா. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன், மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுத்தல், மிஞ்சிய கருக்களை உறையவைத்தல், அவற்றுக்கு ஆண்டு வாடகை, பின்னொரு நாள் உருக்கிப் பதித்தல் என ஒவ்வொன்றும் தனிப் பற்று. இத்தனைக்கும் மேலாக, பயன் உறுதிப்படாத கூடுதல் சோதனைகள். இங்கிலாந்தில் ஒழுங்குமுறை ஆணையம் இக்கூடுதல் சிகிச்சைகளை அவற்றுக்குள்ள சான்றின் வலிமைப்படி நிறம் பிரித்து வெளியிடுகிறது. ஒவ்வொரு மையத்தின் வெற்றி விகிதத்தையும் எவரும் பார்க்கலாம். நம் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் சிகிச்சையின் முடிவுகளைத் தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப மையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் திருப்பதியில் பணம் கட்டப்போகும் தம்பதியர், எந்த மையத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் பிள்ளையோடு வீடு திரும்பினர் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து அறிய வழியில்லை. விலைக்கு உச்சவரம்பும் அச்சட்டத்தில் இல்லை.

விலை எவ்வளவு என்பதைச் சித்தூர் மாவட்டத்தின் அளவையிலேயே சொல்கிறேன். 2025 பருவத்தில் தோத்தாபுரி மாம்பழத்துக்கு (நம் பக்கத்துப் பெங்களூரா) அரசின் 4 ரூபாய் உதவியையும் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் கைக்கு வராமல் விவசாயிகள் தெருவில் நின்றது தனிக்கதை. தனியார் மையத்தில் ஒரு சுற்றுக்கு 1,80,000 ரூபாய் என்று நடுவாகக் கொண்டால், 15 டன் மாம்பழம். இளம் வயதினருக்கே ஒரு சுற்றில் வெற்றி ஏறத்தாழ மூன்றில் ஒன்று; நாற்பதைக் கடந்தால் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேலூருக்கும் சென்னைக்கும் பேருந்தேறி, கூலியை இழந்து, விடுதி வாடகை கொடுப்பது இக்கணக்கில் சேரவில்லை.

பொது மருத்துவமனை விலகி நிற்கும் இடத்தைச் சந்தை நிரப்புகிறது; சந்தை எட்டாத இடத்தைத் தரகர் நிரப்புகிறார். 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார். தாயும் இடைத்தரகரும் உள்ளிட்டோர் கைதாயினர். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் விசாரணை எல்லை தாண்டித் திருப்பதிக்கும் வந்தது. இங்குள்ள மருத்துவமனை ஒன்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு ஆந்திர அரசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2025 ஜூலையில் செகந்திராபாத்தில் இன்னொன்று. வாடகைத் தாய் மூலம் பிள்ளை என்று ஒரு தம்பதியரிடம் ஏறத்தாழ 35 இலட்சம் பெற்ற மையம், ஏழைத் தாயொருத்தியிடம் 90,000 ரூபாய்க்கு வாங்கிய குழந்தையைக் கொடுத்தது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. மரபணுச் சோதனையில் வெளிப்பட்டது. ஒருபுறம் சொத்தை விற்றவர்கள், மறுபுறம் உடலை விற்கவைக்கப்பட்டவள். இரு முனையிலும் நிற்பவர்களைச் சந்திக்க வைத்தது அரசின் இல்லாமை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. கோவா அரசு மருத்துவக் கல்லூரியில் 2023இல் இலவச ஐ.வி.எஃப். தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஐதராபாத் காந்தி மருத்துவமனையிலும் மையம் திறந்தார்கள். திருப்பதியில் 1960 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதனுடன் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ஸ்விம்ஸ் இருக்கிறது. போலியோ பாதித்தவர்களுக்காக 1985இல் பர்டு மருத்துவமனையை அமைத்த தேவஸ்தானம், 2021இல் குழந்தைகளின் இதய நோய்க்குத் தனி மருத்துவமனை திறந்தது. 2025–26க்கான அதன் வரவுசெலவுத் திட்டம் 5,258 கோடி ரூபாய். பிள்ளை வரம் கேட்டு மலையேறுபவர்களின் காணிக்கையும் அதில் சேர்ந்தே இருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியை அடிவாரத்தில் ஒரு முழுமையான கருத்தரிப்பு மையத்துக்கு ஒதுக்குவதை எந்த ஆகமம் தடுக்கும்?

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பதிவான மையங்கள் எத்தனை, 2022 முதல் அவற்றில் நடந்த ஆய்வுகள் எத்தனை, ஈரோடு வழக்கில் வந்த பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கை என்ன, அரசு மருத்துவமனைகளில் விந்தணுப் பரிசோதனை எங்கெங்கு நடக்கிறது ஆகிய நான்கு கேள்விகளோடு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதைத் தெலுங்கில் செப்பனிட்டு, இரு மாவட்ட மருத்துவ அலுவலகங்களுக்கும் தத்தம் பெயரில் அனுப்ப முன்வரும் ஆய்வு மாணவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணத்தை நான் செலுத்துகிறேன்.