மலிவான சாப்பாடு, நம்பகமான சாப்பாடு

ஆசிரியருக்கு,

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக் கோயில்களுக்கும் பட்டுக்கடைகளுக்கும் போகிறவர்கள் பலர் சுங்குவார்சத்திரத்தைக் கடந்தே செல்கிறார்கள். சுற்றுவட்டார ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தொழிலாளர்களும் இங்கே கூடுகிறார்கள். இரு தரப்பினருக்கும் வேண்டியது கட்டுப்படியாகும் விலையில் நம்பிச் சாப்பிடக்கூடிய சாப்பாடு. நம்பிக்கை பொய்த்தால் என்னவாகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம்: விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், தோழிகள் எங்கள் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

விலை குறைந்தால் தரமும் குறையும் என்பார்கள். கூட்டம் நிலையாக வரும் இடத்தில் அது சரியல்ல. அதிகம் சமைத்தால் தட்டுக்கு ஆகும் செலவு குறையும், பண்டம் தேங்கிக் கெடாது. 2013இல் சென்னையில் தொடங்கிய மலிவு விலை அம்மா உணவகம் மானியத்தில்தானே ஓடுகிறது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே போல 1 ரூபாய் இட்லியை இங்கே யாரும் கேட்கவில்லை. வாலாஜாபாத் சாலை பிரியும் இடத்தருகே மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வாடகையில்லாத இடமும் நல்ல தண்ணீரும் கொடுத்தால், அடக்க விலைக்கே சாப்பாடு போடலாம். சிறுகடைகள் நசுங்கும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு: தண்ணீர் வசதியை அவற்றுக்கும் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனை முடிவை எல்லாக் கடை வாசலிலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் உடனே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், சுங்குவார்சத்திரம்