சீனப் பொட்டலத்தின் அஞ்சல் செலவை யார் ஏற்றார்கள்?

இரண்டு டாலர் விலையுள்ள சார்ஜர் கேபிள் ஒன்று சீனாவிலிருந்து அமெரிக்க வீட்டுக்கு வந்துசேர்கிறது. அனுப்பும் கூலி தனியாகக் கேட்கப்படுவதில்லை. சீன அரசு மானியம் கொடுத்து அனுப்புகிறது என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஏற்றுமதியாளர்களுக்குச் சீனா மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தருவது உண்மைதான். ஆனால் அஞ்சல் கூலி மலிந்ததற்கான முதன்மைக் காரணம் சீனக் கருவூலத்தில் இல்லை.

செலவு எங்கே விழுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். மொத்தமாக ஏற்றும்போது கிலோவுக்குச் சில டாலரில் விமானச் சரக்கு போய்விடும். நூறு கிராம் பொட்டலத்தின் பங்கு மிகச் சிறிது. போய் இறங்கிய நாட்டில் அதைப் பிரித்து, தெருத்தெருவாகப் பட்டுவாடா செய்வதே பெருஞ்செலவு. அந்தச் செலவுக்கு அனுப்பும் நாடு எவ்வளவு தரவேண்டும் என்பதை உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்திருந்தது. 1874-இல் பெர்ன் நகரில் இந்த ஒன்றியம் உருவானபோது அப்படியொரு கட்டணமே இல்லை. போகும் கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், கணக்கு நேராகிவிடும் என்று கருதினார்கள். 1969 டோக்கியோ மாநாட்டில்தான் பட்டுவாடாக் கட்டணம் ஏற்கப்பட்டது. பின்னர் வளரும் நாடுகளுக்குக் குறைந்த விகிதம் வைத்தார்கள். ஏழை நாடுகளின் கடிதப் போக்குவரத்தைக் காக்க வந்த நியாயமான சலுகை அது. உலகின் தொழிற்கூடமான பிறகும் சீனா நெடுங்காலம் அந்த வரிசையிலேயே இருந்தது. ஆக, அமெரிக்கப் பட்டுவாடாச் செலவில் ஒரு பகுதியைச் சுமந்தது அமெரிக்க அஞ்சல் துறையே. உள்ளூர்ச் சிறு வணிகர் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது உண்மையான அநீதி.

இந்த விகிதம் 2 கிலோ வரையிலான சிறு பொட்டலங்களுக்கே பொருந்தியது. சீன அரசுதான் கூலி கொடுத்தது என்றால் ஐந்து கிலோ இரும்புச் சாமானும் அதே மலிவில் வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை.

அஞ்சல் விகிதம் மட்டுமே காரணம் என்பதும் பாதி உண்மைதான். ஒன்றியத்திலிருந்து விலகுவதாக 2018 அக்டோபரில் அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சமரசம் ஏற்பட்டு, 2020 ஜூலை முதல் தன் கட்டணத்தைத் தானே குறித்துக்கொண்டது. மலிவுப் பொட்டலங்களோ நிற்கவில்லை. பெரிய விற்பனைத் தளங்கள் சரக்கு விமானங்களில் மொத்தமாக அனுப்பி, அங்குள்ள கூரியர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கின. 2016-இலிருந்து 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அமெரிக்கா சுங்கவரி விதிக்காததும் இதற்குக் கைகொடுத்தது. சீனப் பொருள்களுக்கு 2025 மே 2 அன்றும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29 அன்றும் அந்த விலக்கு முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையிலேயே நீக்கிவிட்டது.

'இலவச டெலிவரி' என்பதிலும் இலவசம் எதுவும் இல்லை. விற்பவர் கூலியைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுகிறார். ஒரே பொருளை ஒருவர் 1 டாலருக்கும் கூலி 3 டாலருக்கும், இன்னொருவர் 4 டாலருக்குக் கூலியின்றியும் விற்பதுண்டு. வாங்குபவர் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை.

மலிவு என்பதால் கப்பலில் வருகிறது என்ற எண்ணமும் பொதுவாகச் சரியன்று. சிறு பொட்டலங்கள் பெரும்பாலும் விமானத்தில்தான் வருகின்றன. போதிய சரக்கு சேரும்வரை காத்திருப்பதும், விமானத்தில் மிஞ்சும் இடத்துக்காக நிற்பதும், சுங்கப் பரிசோதனையுமே வாரக்கணக்கில் நாளைத் தின்கின்றன. மிக மலிவான வகைகளில் பல, ஏற்றுமதி நாட்டைத் தாண்டியபின் கண்காணிப்பு எண்ணில் தெரிவதில்லை. வழியில் தொலைந்தால் அஞ்சல் துறையிடமிருந்து இழப்பீடு பெறுவது கடினம். விற்பனைத் தளத்தின் பணம் திரும்பத்தரும் கெடு முடிவதற்குள் முறையிட்டாக வேண்டும்.