வயிற்றுவலி சொல்லும் செய்தி

திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று அழைத்துவரப்படும் பள்ளிப் பிள்ளைகளை எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். பரிசோதனைகளில் குறை ஏதும் தென்படுவதில்லை. விடுமுறை நாள்களில் வலியும் வருவதில்லை. “நடிக்கிறான் டாக்டர். மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது, டியூஷனில் சேர்த்திருக்கிறோம்” என்கின்றனர் பெற்றோர்.

அது பெரும்பாலும் நடிப்பன்று. அச்சமும் மனஅழுத்தமும் நரம்புகள் வழியே குடலைப் பாதிக்கின்றன. பிள்ளை உணரும் வலி மெய்யானது. தனியே பொறுமையாகக் கேட்டால், சிலர் சக மாணவர்களின் கேலி, பட்டப்பெயர், ஒதுக்கிவைத்தல், அடி ஆகியவற்றைத் தயங்கித் தயங்கிச் சொல்கின்றனர்.

உலக மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இத்தகைய துன்புறுத்தலுக்கு உள்ளாவதாக யுனெஸ்கோ 2019இல் தெரிவித்தது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களிடையே 2018இல் நடந்த பைசா ஆய்வில், அடிக்கடி துன்புறுத்தப்பட்டோர் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களைவிட 21 புள்ளிகள் குறைவாகப் பெற்றனர். குடும்ப வசதியைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. இதில் வியப்பில்லை. இடைவேளையில் என்ன நடக்குமோ என்று அஞ்சும் மனத்தில் பாடம் பதியாது, உறக்கம் கெடும், விடுப்பு பெருகும்.

ஆகவே, மதிப்பெண் சரிவை நாங்கள் ஓர் அறிகுறியாகவே கருதுகிறோம். காரணத்தை ஆராயாமல் டியூஷனில் சேர்ப்பது, தொற்றைக் கண்டறியாமல் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதைப் போன்றது. பள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் மருந்தெழுதி அனுப்பிய நாள்கள் எங்களுக்கும் உண்டு, அத்தவற்றை ஒப்புக்கொள்கிறோம்.

“நாங்களும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம்” என்று சிலர் கூறுவதுண்டு. தாண்டி வந்தவர்கள்தாம் அவ்வாறு கூற இயலும். இடையிலேயே படிப்பைக் கைவிட்டவர்களின் குரல் நம் காதில் விழுவதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. “என்ன மதிப்பெண்?” என்பதற்கு முன், “இன்று யாருடன் அமர்ந்து சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். “திருப்பி அடி” என்று சொல்லாதீர்கள். நடந்ததை நாள், இடத்துடன் குறித்து, வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் இரத்தம் ஆகியவை இருப்பின் உடல்நோய்க்கான பரிசோதனை கட்டாயம் தேவை. பிள்ளை வாழ விருப்பமில்லை என்று கூறினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்; உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இரவும் பகலும் இயங்குகின்றன.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, பரிசோதனை அறிக்கைகளோடு பள்ளியில் நடப்பவற்றையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே தொடங்குங்கள்.