லினக்ஸுக்கு மடிக்கணினி: தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

எங்கள் பாட்டி சந்தையில் மண்சட்டி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் என்ன பெருமை பேசினாலும் காதில் வாங்க மாட்டார். சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கை விரலால் ஒரு தட்டு. 'டங்' என்று சத்தம் வந்தால்தான் சுருக்குப்பை திறக்கும். ஒரு சட்டிக்கே இந்தச் சோதனை. நாற்பதாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கு நான் என்ன சோதனை செய்தேன் தெரியுமா? மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். அவ்வளவுதான்.

முதலில் அந்த சோகக் கதை. கல்லூரியில் சேர்ந்த வருடம், அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்து அப்பா பணம் கொண்டுவந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே பார்த்து எடு" என்றார். நானும் பெரிய அறிவாளி மாதிரி கடைக்காரரிடம், "அண்ணே, இதுல லினக்ஸ் ஓடுமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஓடும் தம்பி" என்றார். வாங்கிவிட்டேன்.

அன்று இரவே உபுண்டு நிறுவினேன். திரை வந்தது, ஒலி வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. வராததோடு இல்லை, அப்படி ஒரு பொருள் அந்தக் கணினியில் இருப்பதாகவே காட்டவில்லை. நான்கு மாதம் கைபேசியை யூஎஸ்பி கம்பியில் கட்டி இணையம் பார்த்தேன். மூடியை மூடினால் தூங்கப் போகும், திறந்தால் எழாது. கடைசியில் வெறுத்துப்போய் விண்டோஸுக்கே திரும்பினேன். வகுப்பில் எல்லோரிடமும் "லினக்ஸெல்லாம் நமக்குச் சரிப்படாதுடா" என்று பிரசாரம் வேறு செய்தேன்.

அது பொய் என்று விடுதியில் இருந்த நண்பன்தான் காட்டினான். ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட ஐந்து வருடப் பழைய மடிக்கணினி அவனுடையது. அதே உபுண்டு, அதே பென்டிரைவ். பத்து நிமிடத்தில் எல்லாம் ஓடியது. ஒரு கட்டளைகூட அடிக்கவில்லை! குற்றம் லினக்ஸுடையது அல்ல, நான் வாங்கிய பொருளுடையது, அதைவிட நான் வாங்கிய விதத்துடையது.

இங்கே ஒரு அடிப்படை விஷயம். விண்டோஸில் ஒவ்வொரு வன்பொருளுக்கும் தயாரிப்பாளரே டிரைவர் எழுதிக் கொடுத்துவிடுவார். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்கு உள்ளேயே இருக்கும். சில்லு தயாரிப்பவர் தானே டிரைவர் எழுதிக் கர்னலில் சேர்த்தால், அல்லது அது எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தையாவது கொடுத்தால், நிறுவியவுடன் ஓடும். இரண்டும் இல்லையென்றால், யாரோ ஒரு தன்னார்வலர் அந்தச் சில்லைத் துருவித் துருவிப் பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதி முடிக்கும்வரை நாம் கம்பி கட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஆகவே என் கருத்து இது: லினக்ஸுக்காக மடிக்கணினி வாங்குபவர் பிராசஸரை முதலில் பார்க்கக் கூடாது. இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பிரச்சினை இல்லாமல் ஓடும். அந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் டிரைவர்களைத் தாங்களே கர்னலுக்குத் தருகின்றன. பார்க்க வேண்டிய வரிசை வேறு.

முதலாவது, வைஃபை சில்லு. இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வேறு நிறுவனச் சில்லு என்றால் அதன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு ஆறுதல்: பல மடிக்கணினிகளில் வைஃபை அட்டையைக் கழற்றி மாற்றலாம். இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டை ஏஎம்டி கணினியிலும் ஓடும். ஏஎக்ஸ்211 என்று ஒரு எண் கூடினால் அது குறிப்பிட்ட இன்டெல் பிராசஸர்களோடு மட்டும்தான் ஓடும். ஒரு எண்தானே என்று ஏமாறாதீர்கள்!

இரண்டாவது, கிராபிக்ஸ். விளையாட்டோ இயந்திரக் கற்றலோ தேவையில்லை என்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். தனி என்விடியா அட்டை இருந்தால் மூடிய டிரைவர், இரண்டு கிராபிக்ஸுக்கு இடையே மாறுவது, பேட்டரி குடிப்பது என்று கூடுதல் வேலைகள் வரும். முடியாதது இல்லை, ஆனால் முதல் முறை வருபவருக்கு வேண்டாத தலைவலி.

மூன்றாவது, தூக்கம். நமக்கு இல்லை, கணினிக்கு :-) மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா? பழைய மாடல்களில் இருந்த எஸ்3 எனும் ஆழ்ந்த தூக்க முறையைப் புதிய மடிக்கணினிகள் பல கைவிட்டுவிட்டன. புதிய முறை சில மாடல்களில் லினக்ஸில் சரியாக வேலை செய்யாமல், பைக்குள் இருக்கும்போதே பேட்டரியைத் தின்றுவிடும்.

நான்காவது, கைரேகை வருடி, கேமரா போன்ற உதிரிகள். கைரேகை ஓடாவிட்டால் உயிர் போகாது. வைஃபை ஓடாவிட்டால் போகும்.

அடுத்தது, புதியதா பழையதா? "புதுசு வாங்கினா நல்லா ஓடும்" என்பது நம் ஊர் நம்பிக்கை. லினக்ஸ் விஷயத்தில் இது கொஞ்சம் தலைகீழ். இன்று சந்தைக்கு வந்த வன்பொருளுக்கான டிரைவர் கர்னலில் சேர வேண்டும், அந்தக் கர்னல் நாம் பயன்படுத்தும் வழங்கலுக்கு வந்து சேர வேண்டும். புதிய கர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். எனவே சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடல் பாதுகாப்பானது.

மாணவர்களுக்கு நான் சொல்வது இன்னும் ஒரு படி மேலே: அலுவலகங்களுக்காகச் செய்த மடிக்கணினியைப் பழையதாக வாங்குங்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வரிசைகள். லினக்ஸில் வேலை செய்யும் பொறியாளர்கள் பலர் இவற்றைப் பயன்படுத்துவதால் குறைகள் சீக்கிரம் கண்ணில் பட்டுச் சரியாகிவிடும். 2020-இல் லெனோவோ தன் திங்க்பேட் வரிசையில் லினக்ஸுக்குச் சான்று பெறுவதாக அறிவித்தது. டெல் 2007-லேயே உபுண்டு நிறுவிய மடிக்கணினியை விற்கத் தொடங்கியது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் ஒரு சில விதிவிலக்கு தவிர விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஆகவே உடம்பில் ஒரு குறையும் இல்லாத எத்தனையோ கணினிகள் 'காலாவதி' பட்டத்தோடு நிற்கின்றன. அவற்றுக்கு 8 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸில் இன்னும் பல வருடம் உழைக்கும். பேட்டரி மட்டும் புதிதாக மாற்ற வேண்டியிருக்கலாம், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது பாட்டியின் தட்டு. ஒரு பென்டிரைவில் உபுண்டுவையோ ஃபெடோராவையோ எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறுவ வேண்டியதில்லை, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. வைஃபையில் இணையுங்கள். ஒரு பாட்டுப் போடுங்கள். மைக்கில் பேசிப் பதிவு செய்யுங்கள். கேமராவைத் திறங்கள். வெளிச்ச விசைகளை அழுத்துங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். பத்து நிமிட வேலை. பழைய கணினிக் கடைக்காரர்கள் பொதுவாக மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த கடை!

சீல் வைத்த புதுப் பெட்டி என்றால் தட்ட முடியாது. அப்போது மாடலின் முழு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் விற்கும் கணினிக்குள் வேறு வேறு வைஃபை சில்லு இருக்கும், அதனால் பெயர் மட்டும் போதாது. உபுண்டு வெளியிடும் சான்றளித்த வன்பொருள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"எதை வாங்கினாலும் கொஞ்சம் மெனக்கெட்டா ஓட வச்சிடலாம்" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களால் முடியும், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய முதலாம் ஆண்டு மாணவிக்கு அது பதில் ஆகாது. அவர் மெனக்கெட மாட்டார், என்னைப் போல லினக்ஸைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒருவர் போனால் அவர் பின்னால் பத்துப் பேர் வராமல் போவார்கள்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்களுக்கு ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் வேண்டும், அவை லினக்ஸுக்கு வருவதில்லை. அவர்கள் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே சரி. பிடிவாதத்துக்காகப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாம் ஒருவர் பார்த்து வாங்கினால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் கொடுப்பார் என்பதற்கு அது சாட்சி. 2012-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியாவை வெளிப்படையாகத் திட்டினார். 2022-இல் அதே நிறுவனம் தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது. பத்து வருடம் ஆனது, முழுதும் திறக்கவும் இல்லை. ஆனாலும் நகர்ந்தது. நம்மால் மேடையில் திட்ட முடியாது. எந்தச் சில்லுக்குக் காசு கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

சென்ற மாதம் தங்கைக்கு மடிக்கணினி எடுக்கப் போனோம். பழைய திங்க்பேட், பதினெட்டாயிரம் ரூபாய். நான் பென்டிரைவைச் செருகி, மூடியை மூடித் திறந்து, பாட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று கவனித்துவிட்டு, "அன்னைக்கே இப்படிப் பார்த்திருக்கலாமேப்பா" என்றார்.

அம்மாவின் வளையலை மீட்க இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்களாவது தட்டிப் பார்த்து வாங்குங்கள்.